ட்ருயிட்: விக்கெட் கணக்கு இருக்கிறது, கொலைக் கணக்கு எங்கே?

பழைய ஸ்கோரர்

1888இல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் பெண்களைக் கொன்று, யாரென்று தெரியாமலே போன ஜாக் தி ரிப்பர் பற்றி யூடியூபில் எதைத் திறந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய போட்டோ வந்து நிற்கும். ஒல்லியான முகம், நடு வகிடு. "மாண்டேக் ஜான் ட்ருயிட், பாரிஸ்டர், தேம்ஸ் நதியில் பிணமாகக் கிடைத்தவர்" என்று இரண்டு வரி சொல்லிவிட்டு அடுத்த சந்தேக நபருக்குப் போய்விடுவார்கள். எனக்கு ரிப்பர் விஷயத்தில் பெரிய ஆர்வம் கிடையாது, நான் பழைய ஸ்கோர்கார்டு தேடுகிற ஆள். அப்படித் தேடும்போதுதான் இந்த மனுஷன் திரும்பத் திரும்ப மாட்டினார். இவரைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்ததில் பாதிக்கு மேல் கிரிக்கெட்தான். அதை யாரும் பேசுவதே இல்லை என்பதால் இந்த இழை.

1857 ஆகஸ்ட் 15, டார்செட் மாவட்டத்தில் விம்போர்ன் என்ற சின்ன ஊர். அப்பா வில்லியம் அந்த ஊரின் முக்கியமான அறுவை மருத்துவர், வசதியான குடும்பம், ஏழு பிள்ளைகள், இவர் இரண்டாவது மகன். உதவித்தொகையோடு வின்செஸ்டர் பள்ளி. அங்கே விவாத மன்றத்தில் பெரிய பேச்சாளர், பிஸ்மார்க், துருக்கி, கிளாட்ஸ்டன் ராஜினாமா என்று எதையும் விட்டுவைக்கவில்லை. முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியது இங்கிலாந்தின் பேருக்கே களங்கம் என்று முழங்கியிருக்கிறார். 1875இல் பள்ளியின் கிரிக்கெட் பந்து எறியும் போட்டியில் 92 கெஜத்துக்கு மேல் எறிந்து ஜெயித்தவர். போட்டோவைப் பார்த்தால் நம்பவே முடியாது, ஆனால் கையிலும் மணிக்கட்டிலும் அவ்வளவு பலம். சுவரில் கையாலேயே பந்தை அடித்து ஆடுகிற ஃபைவ்ஸ் ஆட்டத்திலும் ஆக்ஸ்ஃபோர்டில் சாம்பியன் பட்டம் வாங்கியிருக்கிறார்.

ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜ். முதல் கட்டத் தேர்வில் இரண்டாம் வகுப்பு, 1880இல் இறுதித் தேர்வில் மூன்றாம் வகுப்பு. ஆட்டம் கூடக்கூட மார்க் குறைந்த கதை, நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அப்புறம் லண்டனுக்குத் தெற்கே பிளாக்ஹீத்தில் ஜார்ஜ் வாலன்டைன் என்பவரின் விடுதிப் பள்ளியில் உதவி ஆசிரியர். எலியட் பிளேஸ் 9ஆம் எண் வீடு, தங்குவதும் அங்கேயே. அந்த வேலையில் இருந்துகொண்டே 1882 மே மாதம் லண்டன் வக்கீல் சங்கமான இன்னர் டெம்பிளில் சேர்ந்து 1885 ஏப்ரல் 29 அன்று பாரிஸ்டர் ஆனார். இத்தனைக்கும் நடுவில் சனிக்கிழமை தவறாமல் கிரிக்கெட்.

இனி ஸ்கோர்கார்டுக்கு வருவோம். 1884 மே 26 அன்று எம்.சி.சி., அதாவது மேரில்போன் கிரிக்கெட் கிளப்பின் உறுப்பினராகத் தேர்வு. வழிமொழிந்தவர் வெர்னான் ராயில், அந்தக் காலத்தில் ஃபீல்டிங் என்றால் அவர் பேரைத்தான் சொல்வார்கள். 1886 ஜூன் 5, பிளாக்ஹீத் அணிக்கும் லார்டு ஹாரிஸ் தலைமையில் வந்த பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் அணிக்கும் ஆட்டம். ஹாரிஸை 14 ரன்னில் போல்டாக்கியது ட்ருயிட், கூடவே இன்னும் 3 விக்கெட். பிளாக்ஹீத் 178 ரன்னில் வென்றது. இந்த ஹாரிஸ் இங்கிலாந்து அணியின் கேப்டனாக இருந்தவர், பின்னாளில் பம்பாய் கவர்னர், இவருடைய அப்பா 1850களில் நம் மெட்ராஸ் கவர்னர். இரண்டே வாரம் கழித்து பெக்ஸ்லி அணிக்கு ஆட வந்த ஜான் ஷூட்டரை டக் அவுட் ஆக்கினார். ஷூட்டர் சர்ரே கவுண்டி (மாவட்ட) அணியின் கேப்டன். மறு வருஷம் அவர் ஒரு சர்ரே அணியையே பிளாக்ஹீத்துக்குக் கூட்டிவந்தார். அன்று இங்கிலாந்து பேட்ஸ்மேன் பாபி ஏபலை 56 ரன்னில் போல்டாக்கியதும் ட்ருயிட்தான், ஆட்டம் என்னவோ சர்ரேக்குத்தான் போனது.

வார இறுதியில் மட்டும் ஆடுகிற ஒரு பள்ளி வாத்தியார் இங்கிலாந்து ஆட்டக்காரர்களை இப்படி வரிசையாக எடுத்திருக்கிறார் என்றால் பந்து கொஞ்சமாவது பேசியிருக்க வேண்டும். சரி, நீங்கள் சொல்லுங்கள்.

ஷார்ட்லெக்

அண்ணே, முதல் தர ஆட்டம் எதுவும் ஆடவில்லையா? அப்படியென்றால் இவரை "கிரிக்கெட்டர்" என்று சொல்வதே கொஞ்சம் ஓவர் இல்லையா? நாலு பெரிய விக்கெட்டை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்தால் யாரும் ஹீரோதான். மற்ற ஆட்டங்களில் எத்தனை ஓவரில் எவ்வளவு அடி வாங்கினார் என்று தெரிய வேண்டாமா?

பழைய ஸ்கோரர்

தம்பி, முதல் தரம் ஆடவில்லை, உண்மை. நானும் அவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் முதல் தரம் என்பது கிரிக்கெட்டின் ஒரு ஓரம்தான். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள்கூட கவுண்டிக்கு ஆடாத நாளில் ஊர் கிளப்புக்கும் நண்பர்கள் சேர்ந்து நடத்துகிற சுற்றுலா அணிக்கும் ஆடினார்கள். காசு வாங்காமல் ஆடுகிறவன் ஜென்டில்மேன், காசு வாங்குகிறவன் பிளேயர். ஸ்கோர்கார்டில்கூட அந்த வித்தியாசம் தெரியும், ஜென்டில்மேனுக்குப் பேரின் முன்னால் இனிஷியல் போடுவார்கள். ட்ருயிட் அந்த உலகத்தில் நடுத்தரத்துக்கு மேலே இருந்த ஆள். இன்காக்னிட்டி, பட்டர்ஃபிளைஸ் மாதிரி ஊர் ஊராகப் போய் ஆடுகிற அணிகளிலும் இருந்தார்.

அப்புறம் ஒன்று, இதை இங்கே யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். 1888 ஆகஸ்ட் தொடக்கத்தில் போர்ன்மத் நகரத்து ஜென்டில்மேன் அணிக்கு ஆடினார், எதிரணி பம்பாயிலிருந்து வந்த பார்சிகள். முதல் இன்னிங்ஸில் ட்ருயிட் 5 விக்கெட் எடுத்தார். ஆனால் ஜெயித்தது பார்சிகள்!

ஷார்ட்லெக்

அடேங்கப்பா. இது அந்த பௌலர் டாக்டர் பாவ்ரி இருந்த டீம்தானே?

பழைய ஸ்கோரர்

அதேதான். 1886இல் முதல் தடவை போனபோது பார்சிகள் 28 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தார்கள், 19 தோல்வி. இரண்டே வருஷத்தில் திரும்பப் போய் 31 ஆட்டத்தில் 8 வெற்றி, 11 தோல்வி, மீதி டிரா. பாவ்ரி மட்டும் அந்தப் பயணத்தில் 170 விக்கெட். இங்கிலாந்து மண்ணில் இந்திய அணி ஒன்று தலை நிமிர்ந்த முதல் வருஷம் 1888 என்று தாராளமாகச் சொல்லலாம். அந்த அணியை எதிர்த்து 5 விக்கெட் எடுத்தவர் அதே வருஷக் கடைசியில் ஆற்றில் கிடந்தார்.

கறுப்பு கவுன்

ஐயா, கிரிக்கெட் பக்கம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், பாரிஸ்டர் பக்கம் நான் கொஞ்சம் சொல்கிறேன். இந்த வீடியோக்காரர்கள் எல்லாரும் "தோல்வியடைந்த வக்கீல், அதனால் பள்ளியில் வாத்தியார் வேலை" என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். பொழப்பு தெரியாதவர்கள் பேசுகிற பேச்சு.

அன்றைக்கு இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆவதற்கு லண்டனில் இன் என்று சொல்கிற நான்கு வக்கீல் சங்கங்களில் ஒன்றில் சேர வேண்டும், நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும், ஒவ்வொரு பருவத்திலும் இத்தனை நாள் என்று அங்கே உட்கார்ந்து ராச்சாப்பாடு சாப்பிட வேண்டும். பரீட்சையைவிட இந்தச் சாப்பாட்டுக் கணக்குதான் பேச்சாக இருக்கும். பட்டம் வாங்கிவிட்டால் மட்டும் கட்சிக்காரர் நேரே வந்துவிட மாட்டார். கட்சிக்காரரிடம் நேரே பேசுகிற வக்கீலான சொலிசிட்டர்தான் பிரீஃப், அதாவது வழக்குக் கட்டு, கொண்டுவந்து தர வேண்டும், பாரிஸ்டர் தானாகப் போய்க் கேட்கக் கூடாது. கூட்டாகத் தொழில் நடத்தவும் கூடாது. அறை வாடகை, கிளார்க் கூலி, சர்க்யூட்டில் ஊர் ஊராக நீதிபதி பின்னால் போகிற ரயில் செலவு எல்லாம் கைக்காசு. பத்து வருஷம் பிரீஃப் இல்லாமல் உட்கார்ந்தவர்கள் ஏராளம். அப்பன் சொத்து இருந்தால் தாக்குப்பிடிக்கலாம், இல்லாவிட்டால் பத்திரிகைக்கு எழுது, பாடம் சொல்லிக்கொடு. நம் ஊர் ஜூனியர் வக்கீல் முதல் நாலு வருஷம் எப்படி ஓட்டுகிறான் என்று கேட்டுப் பாருங்கள், புரியும்.

ட்ருயிட்டுக்கு கிங்ஸ் பெஞ்ச் வாக் 9ஆம் எண்ணில் அறை. வெஸ்டர்ன் சர்க்யூட், அதாவது வின்செஸ்டர் பக்கம், சொந்த ஊருக்குக் கிட்டே. 1887 சட்டப் பட்டியலில் ஸ்பெஷல் பிளீடர் என்று இருக்கிறார், வழக்கு மனுக்களை வரைந்து கொடுக்கிற நுணுக்கமான வேலை. அண்ணன் வில்லியம் போர்ன்மத்தில் சொலிசிட்டர், அந்தப் பக்கமிருந்தும் கொஞ்சம் வேலை வந்திருக்கலாம். அப்பா 1885 செப்டம்பரில் திடீரென்று இறந்தார். சொத்து 16,579 பவுண்டு, அதில் பெரும்பகுதி அம்மாவுக்கும் கல்யாணமாகாத பெண்களுக்கும் மூத்த மகனுக்கும். பாரிஸ்டர் ஆவதற்கு இவர் அப்பாவிடம் தன் பங்கிலிருந்து 500 பவுண்டை முன்கூட்டியே வாங்கியிருந்தார். இவர் இறக்கும்போது இவருடைய சொத்து 2,600 பவுண்டு. அந்தக் காலத்தில் உதவி ஆசிரியருக்கு வருஷத்துக்கு நூறு, இருநூறு கிடைத்தால் பெரிது. இதைத் தோல்வி என்றால் எங்கள் சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் தோற்றவர்கள்தான்.

கோர்ட்டின் நீண்ட விடுமுறை ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் வரை. கிரிக்கெட் பிடித்தவன் பாரிஸ்டர் தொழிலை ஏன் எடுத்தான் என்று கேட்கவே வேண்டாம்.

நள்ளிரவு ரயில்

எல்லாம் நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் முக்கியமானதைத் தொடாமலே போகிறீர்களே. இவர் பேரைச் சொன்னது ஏதோ யூடியூபர் இல்லை. சர் மெல்வில் மெக்நாட்டன், லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் பெரிய அதிகாரி, 1894 பிப்ரவரி 23 தேதியிட்ட குறிப்பில் மூன்று பேரை எழுதினார். முதல் பேர் ட்ருயிட். சொந்தக் குடும்பமே இவரைத்தான் கொலைகாரன் என்று நம்பியது, எனக்குத் தனிப்பட்ட தகவல் வந்தது என்று எழுதியிருக்கிறார். கடைசிக் கொலை நவம்பர் 9, இவர் சாவு டிசம்பர் தொடக்கம். கொலைகளும் நின்றன. இன்னும் என்ன வேண்டும்? கிரிக்கெட் ஆடுகிறவன் கொலை செய்ய மாட்டான் என்று சட்டமா?

பழைய ஸ்கோரர்

வாங்க, வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன்.

கிரிக்கெட் ஆடுகிறவன் கொலை செய்ய மாட்டான் என்று நான் சொல்லவில்லை. தேதியை மட்டும் பாருங்கள். ஆகஸ்ட் 31 அதிகாலை, ஒயிட்சேப்பலில் மேரி ஆன் நிக்கல்ஸ் கொலை. செப்டம்பர் 1, ட்ருயிட் டார்செட்டில் கேன்ஃபர்டு அணிக்காக, சொந்த ஊர் விம்போர்னை எதிர்த்து ஆடுகிறார். லண்டனிலிருந்து அது நூறு மைல். செப்டம்பர் 8, ஹான்பரி தெருவில் ஆனி சாப்மேன் கொலை, உடல் கிடைத்தது காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால், அரை மணி நேரத்துக்கு முன்பு அவரை உயிரோடு பார்த்ததாகச் சாட்சி சொன்ன பெண்ணும் உண்டு. அன்றே பகல் 11.30க்கு பிளாக்ஹீத்தின் ரெக்டரி ஃபீல்டில் ட்ருயிட் களத்தில் நிற்கிறார்.

எதிரணி யார் தெரியுமா? கிறிஸ்டோபர்சன் சகோதரர்கள். பத்து அண்ணன் தம்பிகளும் அப்பாவும் சேர்ந்தால் பதினொரு பேர், வீட்டுக்குள்ளேயே ஒரு டீம்! அதில் ஸ்டான்லி 1884இல் லார்ட்ஸில் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடியவர், சாதாரணமாக பிளாக்ஹீத்துக்கு ஆடுகிறவர், அன்று குடும்பத்தோடு சேர்ந்துகொண்டார். ட்ருயிட்டை 2 ரன்னில் போல்டாக்கினார். பதிலுக்கு ஸ்டான்லியை ட்ருயிட் போல்டாக்கினார். பிளாக்ஹீத் 22 ரன்னில் ஜெயித்தது. விடிகாலையில் அந்தக் கோரத்தைச் செய்துவிட்டு, ரத்தத்தைக் கழுவி, துணி மாற்றி, ரயில் பிடித்து, வெள்ளை ஃபிளானல் போட்டுக்கொண்டு வந்து, ஒரு டெஸ்ட் ஆட்டக்காரரின் ஸ்டம்பைச் சாய்த்தார் என்று நம்பச் சொல்கிறீர்கள்.

நள்ளிரவு ரயில்

ஐந்தரை மணி நேரம் இருக்கிறது சார். லண்டன் பிரிட்ஜிலிருந்து பிளாக்ஹீத் ஆறேழு மைல்தான், ரயில் உண்டு. டார்செட் விஷயமும் அப்படியே, 31 அதிகாலைக் கொலைக்கும் 1ஆம் தேதி ஆட்டத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள் இருக்கிறது. முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

பழைய ஸ்கோரர்

முடியாது என்று நானும் சொல்லவில்லை, இது அலிபி, அதாவது வேறு இடத்தில் இருந்தார் என்ற சான்று, ஆகாது. ஆனால் முடியும் என்பதை வைத்துக்கொண்டு ஒருவனைக் கொலைகாரன் ஆக்கினால், அன்று லண்டனில் ரயில் டிக்கெட் வாங்க வசதியிருந்த அத்தனை ஆண்களையும் வரிசையில் நிறுத்த வேண்டியதுதான். இவர் ஒயிட்சேப்பல் தெருவில் ஒரு நாள் நடந்தார் என்பதற்காவது ஒரு துண்டுக் காகிதம் காட்டுங்கள்.

கறுப்பு கவுன்

அந்த 1894 குறிப்பைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்குப் பத்து நிமிஷம் போதும்.

ட்ருயிட்டை மருத்துவர் என்கிறார் மெக்நாட்டன். தவறு, பாரிஸ்டரும் வாத்தியாரும். அதன் முன்வரைவில் வயது சுமார் 41 என்கிறார். தவறு, 31. அடிப்படை விஷயமே தப்பு. அவர் காவல்துறையில் சேர்ந்தது 1889 ஜூனில், கொலைகள் நடந்தபோது அவர் போலீஸே இல்லை. அதே பட்டியலின் மூன்றாவது பேர் மைக்கேல் ஆஸ்ட்ராக் என்ற திருடன், கொலைகள் நடந்த காலத்தில் அவர் பிரான்சில் சிறையில் இருந்தது பிற்பாடு ஆதாரத்தோடு தெரிந்தது. ஆக மூன்றில் ஒன்று அந்தச் சமயம் நாட்டிலேயே இல்லை. அந்தக் குறிப்பே ஒரு பத்திரிகை தாமஸ் கட்புஷ் என்ற வேறொருவரை ரிப்பர் என்று எழுதியதற்குப் பதிலாக, "அவரைவிட இவர்கள் பொருத்தம்" என்று காட்ட எழுதப்பட்டது. வழக்கை முடிக்க எழுதிய அறிக்கை அல்ல.

ரிப்பர் கொலைகளைக் களத்தில் நின்று விசாரித்த இன்ஸ்பெக்டர் ஆபர்லைன் 1903இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் இந்தத் தேம்ஸ் கதையைக் கேட்டுச் சலித்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் உடல் கிடைத்தது என்பதைத் தவிர அவருக்கு எதிராக எதுவுமே இல்லை என்றார். சுவாரசியம் என்னவென்றால் அவரும் "இளம் டாக்டர்" என்றே சொல்கிறார், தவறு அந்த அளவுக்குப் பரவியிருந்தது. குடும்பத்தில் அப்பா, பெரியப்பா வகையறா, உறவுக்காரர் என்று டாக்டர்கள் நிறைய, அதில் குழம்பியிருக்கலாம்.

திண்ணைப்பேச்சு

மெக்நாட்டன் பேர் வந்ததால் ஒரு கிளைக்கதை. இவர் போலீஸாவதற்கு முன்னால் பதினைந்து வருஷம் போல வங்காளத்தில் அப்பாவின் எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஜமீன்தார் வகை ஆள். 1881இல் நிலத் தகராறில் குடியானவர்கள் அடித்துப் போட்டுவிட்டார்கள். அந்த விவகாரத்தில்தான் வங்காளப் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் மன்ரோ பழக்கமானார். மன்ரோ லண்டனுக்கு வந்ததும் 1888இல் இவரை ஸ்காட்லாந்து யார்டுக்குக் கூப்பிட்டார். அப்போதைய கமிஷனர் வாரன் ஒரே பிடியாக மறுத்துவிட்டார், இந்தியாவிலேயே இந்துக்களிடம் அடி வாங்கிய ஒரே ஆளைத்தான் கூப்பிடுகிறீர்களா என்று கேட்டாராம். வாரன் போய் மன்ரோ கமிஷனர் ஆன பிறகுதான் இவருக்கு வேலை கிடைத்தது. ரிப்பர் வழக்கு தன் காலத்தில் நடக்கவில்லையே என்ற குறை மனுஷனுக்குக் கடைசிவரை இருந்தது. அந்தக் குறைதான் "எனக்கு மட்டும் தெரியும்" என்று பேச வைத்தது என்பது என் கணிப்பு.

ஷார்ட்லெக்

ஆக ஒரு வங்காள எஸ்டேட் முதலாளியின் கௌரவப் பிரச்சினையில் ஒரு டார்செட் பௌலர் மாட்டிக்கொண்டார். 😀

நள்ளிரவு ரயில்

சிரிங்க, சிரிங்க. "தனிப்பட்ட தகவல்" என்று சும்மா எழுதுவாரா? நெருப்பில்லாமல் புகையுமா?

கறுப்பு கவுன்

புகை எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. 1891 பிப்ரவரியில் மேற்கு டார்செட் எம்.பி. ஹென்றி ஃபார்குஹார்சன், ரிப்பர் ஒரு அறுவை மருத்துவரின் மகன், கடைசிக் கொலை நடந்த இரவே தற்கொலை செய்துகொண்டான் என்று பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தது செய்தியாக வந்தது. பேர் சொல்லவில்லை, ஆனால் டார்செட், அறுவை மருத்துவர் மகன், தற்கொலை, வேறு யார்? கவனியுங்கள், கொலை நடந்த இரவே என்கிறார். ட்ருயிட் அதற்குப் பிறகு மூன்று வாரம் பள்ளியில் வேலையில் இருந்தார். இந்த எம்.பி. யோக்கியதை எப்படி என்றால், தன்னை எதிர்த்துத் தேர்தலில் நின்ற சார்லஸ் கேட்டி பற்றி, பள்ளியிலிருந்து ஒழுக்கக்கேட்டுக்காக விரட்டப்பட்டவர் என்று வதந்தி கிளப்பி, 1893இல் அவதூறு வழக்கில் தோற்றார். ஜூரி போட்ட நஷ்டஈடு 5,000 பவுண்டு, பிறகு பாதியாகக் குறைந்தது. ஊர் வம்பு நீதிமன்றத்துக்கு வந்தபோது என்ன ஆனது பாருங்கள். ட்ருயிட் சார்பில் வழக்குப் போட ஆள் இல்லை, செத்தவருக்கு அவதூறு கிடையாது.

மெக்நாட்டனும் 1913இல் ஓய்வு பெறும்போது, தன்னிடம் இருந்த காகிதங்களையெல்லாம் அழித்துவிட்டேன் என்று பத்திரிகையில் சொன்னார். எந்தக் கோர்ட்டில் போய் இதைச் சொல்வது?

வைகைக்கரை

இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இதில் மட்டும் எழுதத் தோன்றுகிறது. கொலைகாரனா இல்லையா என்று அடித்துக்கொள்வதில் அந்த மனுஷன் கடைசி மாதங்களில் என்ன பட்டார் என்பதே விட்டுப்போகிறது.

1888 ஜூலையில் அம்மா ஆன் என்பவரை மனநோய் விடுதியில் சேர்க்கிறார்கள். அவர் 1890இல் அப்படி ஒரு விடுதியில்தான், சிஸ்விக்கில், இறந்தார். நவம்பர் 30 வாக்கில் மாண்டேகுக்குப் பள்ளியில் வேலை போகிறது. மரண விசாரணையில் அண்ணன் சொன்னது "பள்ளியில் பெரிய சிக்கல், நீக்கப்பட்டார்" என்று மட்டும்தான். என்ன சிக்கல் என்று ஆளாளுக்கு ஒன்று கட்டுகிறார்கள், எனக்கு அதில் இறங்க விருப்பமில்லை. விட்டுப்போன காகிதத்தில், வெள்ளிக்கிழமையிலிருந்து தானும் அம்மாவைப் போல ஆகிவிடுவோம் என்று தோன்றுகிறது, சாவதே மேல் என்று எழுதியிருந்தார். நவம்பர் 30 வெள்ளிக்கிழமை.

எனக்கு மறக்காதது பிளாக்ஹீத் கிளப்பின் தீர்மானப் புத்தகம்தான். கிளப்பின் கௌரவச் செயலாளரும் பொருளாளரும் ட்ருயிட். டிசம்பர் 21 கூட்டத்தில், அவர் வெளிநாடு போய்விட்டதால் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார் என்று எழுதியிருக்கிறார்கள். வெளிநாடு! யார் சொன்னார்களோ. டிசம்பர் 11 அன்றே அவர் அறைக்கு ஒரு வாரமாக வரவில்லை என்று அண்ணனுக்குச் செய்தி போயிருந்தது. டிசம்பர் 31 பகல் ஒரு மணி வாக்கில் ஹென்றி வின்ஸ்லேட் என்ற படகோட்டி சிஸ்விக் அருகே ஆற்றில் உடலைப் பார்த்தார். பையில் பணம், 50 பவுண்டுக்கும் 16 பவுண்டுக்கும் இரண்டு காசோலை, பிளாக்ஹீத்திலிருந்து லண்டனுக்கு முதல் வகுப்பு சீசன் டிக்கெட், டிசம்பர் 1 தேதியிட்டு ஹேமர்ஸ்மித்திலிருந்து சேரிங் கிராஸுக்கு ரிட்டர்ன் டிக்கெட்டின் பாதி, வெள்ளிக் கடிகாரம், கையுறை. ஜனவரி 2 விசாரணை, மனநிலை சரியில்லாத நிலையில் தற்கொலை என்று தீர்ப்பு. மறுநாள் விம்போர்னில் அடக்கம். கல்லறையில் டிசம்பர் 4 என்று தேதி.

அம்மாவுக்கு வந்தது தனக்கும் வருமோ என்ற பயத்தில் இருந்தவர், அந்தச் சமயம் பார்த்து வேலையும் போனது. இதற்கு மேல் காரணம் தேட ஒயிட்சேப்பல் வரை எதற்குப் போக வேண்டும்?

நள்ளிரவு ரயில்

அக்கா, ரிட்டர்ன் டிக்கெட் வாங்கினவர் திரும்பி வர நினைத்தவர் ஆகாதா? அதைத்தான் சிலர் வேறு யாரோ கொன்றார்கள் என்பதற்குச் சொல்கிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை, ஆனால் இதிலும் புதிர் இருக்கிறதே.

வைகைக்கரை

புதிர் இல்லை தம்பி. பழக்கத்தில் கை போய் ரிட்டர்ன் கேட்கும். மனசு அப்படி உடைந்திருப்பவர் எதையும் ஒழுங்காகத் திட்டம் போட்டுச் செய்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்த இரண்டு காசோலையும் பள்ளியில் கணக்குத் தீர்த்துக் கொடுத்ததாக இருக்கலாம் என்கிறார்கள், அது பொருந்தி வருகிறது.

திண்ணைப்பேச்சு

கொலைகள் நின்றன என்ற வாதத்துக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. 1889 ஜூலையில் ஒயிட்சேப்பலில் ஆலிஸ் மெக்கென்சி கொலை. கமிஷனர் மன்ரோவே, இதுவும் ரிப்பர் கைவேலை என்று நினைப்பதாக உள்துறைக்கு எழுதினார், கூடுதல் போலீஸும் இறக்கப்பட்டது. ட்ருயிட் புதைக்கப்பட்டு அப்போது ஆறு மாதம் ஆகிவிட்டது. கொலைகாரன் தேம்ஸில் செத்துவிட்டான் என்று போலீஸுக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதற்றம் எதற்கு? ட்ருயிட் மீதான சந்தேகம் செத்த பிறகு, வருஷங்கள் கழித்து ஒட்டவைத்தது. அதுவும் 1959 வரை பொதுமக்களுக்கு இவர் பேர்கூடத் தெரியாது. அந்த வருஷம் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் எம்.ஜே.டி. என்று வெறும் இனிஷியல் வந்தது, முழுப் பேர் அச்சானது 1965இல்.

ஷார்ட்லெக்

பழைய ஸ்கோரர் அண்ணே, கேள்வியைக் கிரிக்கெட் பக்கமே திருப்புகிறேன். அதே காலத்தில் அமெச்சூராக ஆடி பாரிஸ்டராகி நன்றாக வந்தவர்கள் யார்? ஒப்பிட்டுப் பார்த்தால் ட்ருயிட் எங்கே நின்றார் என்று தெரியும்.

பழைய ஸ்கோரர்

ஆல்ஃபிரட் லிட்டில்டனைப் பார். ட்ருயிட் பிறந்த அதே 1857, அதே இன்னர் டெம்பிள், 1881இல் பாரிஸ்டர். ஆனால் ஈட்டன், கேம்பிரிட்ஜ், பிரபு குடும்பம், கிளாட்ஸ்டனின் மனைவி வழி உறவு. கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் இங்கிலாந்துக்கு ஆடிய முதல் ஆள். 1884 ஓவல் டெஸ்டில் ஆஸ்திரேலியா 551 அடித்து ஓய, கேப்டன் ஹாரிஸ் பதினொரு பேரையும் பந்துபோட வைத்தார். விக்கெட் கீப்பரான லிட்டில்டன் காலில் கட்டிய பேடோடு அண்டர்ஆர்ம் லாப், அதாவது கையைத் தாழ்த்தி மெதுவாகத் தூக்கிப் போடுகிற பந்து, போட்டு 19 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார், அப்போது கையுறை மாட்டிக்கொண்டு பின்னால் நின்றது டபிள்யூ.ஜி. கிரேஸ். லிட்டில்டன் அப்புறம் எம்.பி., 1903இல் காலனிகளுக்கான அமைச்சர். ட்ருயிட்டுக்கும் லிட்டில்டனுக்கும் பிரீஃப் கொண்டுவருகிற சொலிசிட்டர் ஒரே கண்ணோடு பார்த்திருப்பாரா? சின்ன ஊர் டாக்டர் மகன் பள்ளியில் பாடமும் நடத்தியாக வேண்டும், மற்றவருக்கு அந்தக் கவலையே கிடையாது. இதுதான் வித்தியாசம், திறமையில்லாதவர் என்ற பேச்செல்லாம் சும்மா.

ஏ.ஜி. ஸ்டீல் இன்னொருவர். லிவர்பூல்காரர், 1883இல் பாரிஸ்டர், மறு வருஷமே லார்ட்ஸ் டெஸ்டில் 148. 1901இல் கே.சி. என்ற மூத்த பாரிஸ்டர்களுக்கான பட்டு கவுன், எம்.சி.சி. தலைவர், ஓல்டம் ஊரின் ரெக்கார்டர், அதாவது பகுதிநேர நீதிபதி. என்னைக் கேட்டால் இவர்தான் அந்தக் கூட்டத்தில் கிரிக்கெட், கோர்ட் இரண்டையும் சரிசமமாக நடத்தியவர்.

நள்ளிரவு ரயில்

ஸ்டீல் பற்றித் தனி இழை போடுங்க சார், படிக்கிறேன். ட்ருயிட் விஷயத்தில் எனக்கு இன்னும் ஒரு சதவீதம் சந்தேகம் இருக்கிறது, அதை யாரும் எடுக்க முடியாது.

கறுப்பு கவுன்

அந்த ஒரு சதவீதத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பேர்தான் சந்தேகத்தின் பலன், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போக வேண்டியது. ஸ்டீல் இழை திறந்தால் ரெக்கார்டர் பதவி என்றால் என்ன என்று நான் எழுதுகிறேன், ஐயா ஸ்கோர்கார்டைப் போடட்டும்.

பழைய ஸ்கோரர்

ஞாயிற்றுக்கிழமை திறக்கிறேன். அதுவரை 1888 பார்சி அணியின் மற்ற ஆட்டங்களின் ஸ்கோர்கார்டு யாரிடமாவது இருந்தால் இங்கேயே போடுங்கள், ட்ருயிட்டின் அந்த 5 விக்கெட்டில் யார் யார் என்று பார்க்க வேண்டும்.